காஞ்சியில் ஒரு பகல்: முதலில் சுற்று, அப்புறம் சந்நிதி

காஞ்சிபுரத்துக்கு ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர், கைலாசநாதர், உலகளந்த பெருமாள், குமரகோட்டம், கச்சபேசுவரர், சித்ரகுப்தர் என்று அது நீண்டுகொண்டே போகும். கடைசி வரியில் ‘நேரமிருந்தால் பட்டுக்கடை’ என்றிருக்கும். கடைக்கு நேரம் எப்படியும் கிடைத்துவிடும். கோயில்களுக்குத்தான் கிடைக்காது. வரிசையில் நின்று, தட்டில் காசு போட்டு, குங்குமத்தை மடித்துக்கொண்டு அடுத்த கோயிலுக்கு ஓடினால், சாயங்காலம் பேருந்தில் உட்காரும்போது எந்தச் சிற்பத்தை எந்தக் கோயிலில் பார்த்தோம் என்பதே கலங்கிப்போயிருக்கும்.

இந்த அத்தியாயம் ஐந்து இடங்களை மட்டும் சொல்கிறது: கைலாசநாதர், திருப்பருத்திக்குன்றம், ஏகாம்பரநாதர், வைகுண்டப் பெருமாள், வரதராஜப் பெருமாள். காமாட்சியை விட்டுவிட்டீர்களே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். இது சிற்பமும் ஓவியமும் பார்க்க வருகிறவர்களுக்கான நாள். அம்பாளைத் தரிசிக்காமல் காஞ்சியை விட்டுப் போக மனம் வராதவர்கள் காலையில் நடை திறந்ததும் முதல் வேலையாகப் போய்விட்டு, பிறகு இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று காமாட்சி கோயில் வரிசையே பாதி நாளைத் தின்றுவிடும்.

ஐந்து இடங்களுக்கும் பொதுவாக ஒரு யோசனை. உள்ளே நுழைந்ததும் நேரே கருவறைக்கு ஓடுவது நம் பழக்கம். காஞ்சியில் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஊரின் மிகச் சிறந்த வேலைப்பாடுகள் கருவறையில் இல்லை, சுற்றில் இருக்கின்றன. கைலாசநாதரில் மதிலையே சிற்றாலயங்களாகக் கட்டியிருக்கிறார்கள். வைகுண்டப் பெருமாளில் ஓர் அரச வம்சத்தின் வரலாறு திருச்சுற்றுச் சுவரில் ஓடுகிறது. திருப்பருத்திக்குன்றத்தில் தலைக்கு மேலே கூரையில் கதை நடக்கிறது. அவசரமாகச் சாமி கும்பிட்டுத் திரும்புகிறவர் இந்த மூன்றையுமே தவறவிடுவார்.

நடை சாத்தும் நேரம்

நாளைத் திட்டமிடும்போது முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இது. காஞ்சிக் கோயில்கள் பெரும்பாலும் பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி, மாலை 4 மணிவாக்கில்தான் மறுபடி திறக்கும். கோயிலுக்குக் கோயில் அரைமணி முன்பின்னாக மாறும். விழா நாட்களில் எல்லாமே மாறும். ஆக உங்களுக்குக் கிடைப்பது காலையில் ஐந்தரை மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும்தான். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் என்பதால் காலை எட்டரைக்குக் கிளம்பி நிதானமாக வரலாம் என்று தோன்றும். அப்படி வந்தால் ஒரு கோயிலோடு காலைப்பொழுது முடிந்துவிடும். விடியும் முன்பே கிளம்புங்கள். ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காரிலோ பேருந்திலோ வரலாம். ரயிலில் வருபவர்களுக்குச் செங்கல்பட்டு வழியாகப் புறநகர் வண்டிகள் உண்டு. ரயிலில் ஒரு வசதி, வைகுண்டப் பெருமாள் கோயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஊருக்குள் சுற்ற ஆட்டோ போதும். ஏறுவதற்கு முன்பே ‘நாள் முழுக்க, இந்த அஞ்சு கோயில், கடை வேண்டாம்’ என்று பேசி முடித்துவிடுங்கள். அந்தக் கடைசி இரண்டு சொல் முக்கியம். சொல்லாவிட்டால் ‘சும்மா பாருங்க சார், வாங்க வேண்டாம்’ என்று நடுவில் ஒரு பட்டுக்கடை வாசலில் வண்டி நிற்கும். ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு அங்கே கமிஷன் உண்டு.

செருப்பை வண்டியிலேயே விடலாம். வெயில் ஏறினால் கல்தரை காலைச் சுட்டெடுக்கும், அதனால் பையில் ஒரு ஜோடி காலுறை இருக்கட்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை உள்ளே அனுமதிக்கிறார்களா என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக்கொள்வது நல்லது. சந்நிதிக்குள் எங்குமே படம் எடுக்கக் கூடாது. வேட்டி, புடவை, சுடிதார் என்று உடுத்தியிருந்தால் எந்த வாசலிலும் பேச்சு வாங்க வேண்டியிருக்காது. இந்து அல்லாத நண்பர்கள் உடன் வந்தால், வழிபாடு நடக்கும் பெரிய கோயில்களில் கருவறை மண்டபம் வரை விடமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் திட்டத்தில் அவர்களுக்கு நட்டம் அதிகமில்லை, நாம் பார்க்கப்போவது பெரும்பாலும் சுற்றுகளைத்தானே.

கைலாசநாதர்

காலைப்பொழுதின் முதல் இரண்டு மணி நேரத்தை இங்கே கொடுங்கள். ஊரின் மேற்கு ஓரத்தில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களைத் தாண்டி, புல்வெளிக்கு நடுவே இருக்கிறது. பெரிய கோபுரம் இல்லை, பூக்கடைகள் இல்லை, கூட்டமும் அநேகமாக இராது. கோயிலுக்கு வெளியே சற்றுத் தள்ளி நந்தி தனியாகப் படுத்திருக்கும்.

கட்டியவர் இரண்டாம் நரசிம்மவர்மன். ராஜசிம்மன் என்ற பெயரில் நமக்கு அதிகம் தெரிந்தவர். ஏறக்குறைய கி.பி. 700 முதல் 728 வரை ஆண்டவர். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் இவருடையதுதான். அதற்கு முந்தைய பல்லவர்கள் பாறையைக் குடைந்தார்கள், ஒற்றைக் கல்லைச் செதுக்கினார்கள். இவர் காலத்தில்தான் கல்மேல் கல் அடுக்கிக் கட்டும் கற்றளி முழு வளர்ச்சி கண்டது. அடித்தளத்தில் கருங்கல், அதற்கு மேலே மணற்கல். மணற்கல் உளிக்கு இளகிக் கொடுக்கும், மழைக்கும் காற்றுக்கும் அதேபோலக் கரைந்தும் கொடுக்கும். இன்று நீங்கள் காணும் முகங்களில் பாதி மழுங்கியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

வாசலில் வண்டிக்கூடு போன்ற கூரையோடு நிற்பதைச் சின்னக் கோபுரம் என்று நினைத்துக் கடந்துவிட வேண்டாம். அது ராஜசிம்மனின் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் எழுப்பிய தனிக் கோயில். அதற்கு முன்னே வரிசையாக நிற்கும் குட்டிச் சந்நிதிகளில் ஒன்றை அரசி ரங்கபதாகை கட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எட்டாம் நூற்றாண்டில் ஒரு பெண் தன் பெயரில் எழுப்பிய கற்கோயில் அது. பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டிருக்காமல் அங்கே இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

உள்ளே போனதும் இடப்பக்கம் திரும்பி வலம்வரத் தொடங்குங்கள். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் விமானம், நடுவே குறுகலான நடைபாதை. அந்த மதிலின் உட்பக்கம் முழுக்கச் சிற்றாலயங்கள், மொத்தம் 58. ஒவ்வொன்றும் ஒரு சின்ன விமானம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வடிவம். சிவனும் உமையும் நடுவே குழந்தை முருகனுமாக அமர்ந்த சோமாஸ்கந்தர் திரும்பத் திரும்ப வருவார். பல்லவர்களுக்கு அந்தக் குடும்பப் படத்தில் அப்படியொரு பிரியம்.

சிற்பங்களைப் பார்க்கும்போது கண்ணை ஒரு விஷயத்துக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பல உருவங்கள் பருத்து, உப்பிய கன்னங்களோடு, வெளிறிய நிறத்தில் இருக்கும். அவை பிற்காலத்தார் பூசிய சுதை. சுதை உதிர்ந்த இடங்களில் உள்ளிருந்து எட்டிப்பார்ப்பதுதான் பல்லவச் சிற்பியின் கல். மெலிந்த உடல், நீண்ட கால்கள், கூர்மையான மடிப்புகள். தூண்களைத் தாங்கிப் பாய்ந்து நிற்கும் சிங்கங்களில் சுதை பூசியதையும் பூசாததையும் அடுத்தடுத்து ஒப்பிட்டால் ஐந்தே நிமிடத்தில் வித்தியாசம் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகு கோயில் முழுவதுமே வேறாகத் தெரியும்.

தேடிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. விமானத்தின் தென்புறம் தட்சிணாமூர்த்தி. காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் சிவன். தேரில் நின்று வில்லேந்தும் திரிபுராந்தகர். எனக்கு மிகப் பிடித்தது வீணை வாசிக்கும் அர்த்தநாரி. ஒரே உடலில் ஆணும் பெண்ணும், அந்த உடலின் கையில் ஒரு வீணை. பிற்காலக் கோயில்களில் இந்த வடிவம் அரிது. ராஜசிம்மனுக்கு இசையில் இருந்த பித்துதான் காரணமோ என்று யோசிக்க இடமிருக்கிறது. சிற்றாலயங்களின் அடிப்பகுதியில் அவருடைய பட்டப்பெயர்கள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன, இருநூறுக்கும் மேல். ஒரே பெயரையே வெவ்வேறு எழுத்து வடிவங்களில் எழுதியிருக்கிறார்கள். ரணஜயன், அத்யந்தகாமன், ஆகமப்பிரியன் என்ற வழக்கமான பெருமைகளோடு, வீணையில் நாரதன் என்ற பொருளில் ஒரு பட்டமும் உண்டு. தற்பெருமைக்கு எல்லையே இல்லை என்று சிரிப்பு வரும். ஆனால் அந்த எழுத்துகளின் சுழிப்பைக் குனிந்து பாருங்கள், பறவை வாலைப்போல் அவ்வளவு அலங்காரம்.

இப்போது ஓவியம். சிற்றாலயங்கள் சிலவற்றின் உட்சுவரில் காவிச் சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் பச்சையும் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931இல் இவற்றை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னார். அதுவரை சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் இருந்தவை. இன்று முழுதாக ஒரு படம்கூட மிச்சமில்லை. ஒரு சோமாஸ்கந்தரின் கோட்டுருவம், ஒரு கை, ஒரு கண், நகைகளின் வளைவு, அவ்வளவுதான். கைபேசி விளக்கை நேராக அடித்தால் சுவரின் சொரசொரப்புதான் தெரியும், நிறம் மங்கிவிடும், படத்துக்கும் நல்லதில்லை. வாசலில் நின்று கண்ணை இருட்டுக்குப் பழகவிட்டால் கோடுகள் தாமாக மேலே வரும். முதலில் கட்டியபோது இந்த 58 அறைகளும், சிற்பங்களும்கூட, வண்ணத்தில் ஜொலித்திருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று வாருங்கள்.

சுற்று முடிந்ததா, இனி சந்நிதி. கருவறையில் பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கம், பின்சுவரில் மறுபடியும் சோமாஸ்கந்தர். கருவறையைச் சுற்றி ஒரு இடுக்கு வழி உண்டு. ஒருபுறம் குனிந்து தவழ்ந்து நுழைந்து, இருட்டில் சுற்றி, மறுபுறம் வெளியே வர வேண்டும். அப்படி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. மூட்டுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் இந்தப் பிறவியை நினைத்து வெளியிலேயே நின்றுவிடுவது நல்லது.

மண்டபத்துத் தூணொன்றில் பழங்கன்னடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பல்லவர்களைத் தோற்கடித்துக் காஞ்சிக்குள் நுழைந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டுவித்தது. வென்ற ஊரின் கோயிலைச் சூறையாடாமல், அதன் செல்வத்தைக் கண்டு, அதை இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அது சொல்கிறது. அவருடைய அரசி லோகமகாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விருபாட்ச ஆலயத்தில் இந்தக் கோயிலின் சாயல் இருப்பதை அறிஞர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்த ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டும் இதைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்றே குறிக்கிறது. தஞ்சையில் பெரிய கோயில் எழுப்பியவர் காலத்திலேயே பெரியது என்று பெயர் பெற்ற கோயில் இது.

குழந்தைகள் உடன் வந்திருந்தால் புல்வெளியில் உட்கார்ந்து பூசலார் கதையைச் சொல்லுங்கள். காஞ்சியில் அரசன் பெருங்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். அதே நாளில் திருநின்றவூரில் பூசலார் என்ற ஏழை அடியவரும் கும்பாபிஷேகம் வைத்திருக்கிறார், ஆனால் மனத்துக்குள்ளேயே கட்டிய கோயிலுக்கு. சிவன் அரசனின் கனவில் வந்து, நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். பெரியபுராணம் சொல்லும் அந்த அரசன் கட்டிய கோயில் இதுதான் என்பது பரவலான கருத்து.

திருப்பருத்திக்குன்றம்

கைலாசநாதரிலிருந்து தென்மேற்கே வேகவதியைத் தாண்டினால் ஜின காஞ்சி. சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி என்று ஊரை இரண்டாகச் சொல்பவர்கள் இந்த மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். ஆட்டோக்காரர்கள் சிலருக்கே வழி சொல்ல வேண்டியிருக்கும். ‘சமணர் கோயில்’ என்றால் புரிந்துகொள்வார்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள்.

திரைலோக்கியநாதர் கோயிலின் முன்னே உள்ள சங்கீத மண்டபத்தை 1387இல் கட்டியவர் இருகப்பர், விஜயநகர அரசின் அமைச்சர். அவருடைய உருவமும் அங்கே ஒரு தூணில் இருக்கிறது. பார்க்க வேண்டியது கூரையில். துண்டை விரித்துப் படுத்துப் பார்ப்பதுதான் வசதி. கூச்சமாக இருந்தால் கழுத்துவலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரிசை வரிசையான பட்டைகளாக ஓடும். ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர். ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் எழுத்தும் உண்டு. நடுவில் ஓரிடத்தில் மாடு மேய்க்கும் கண்ணனைக் கண்டு, சமணக் கோயிலில் இவர் எங்கே வந்தார் என்று திகைப்பவர்கள் உண்டு. சமண மரபில் கிருஷ்ணன் நேமிநாதருக்கு உறவினர், ஆகவே அவர் கதையும் இவர் கதைக்குள் வருகிறது.

ஓவியங்களில் பல பிற்காலத்தில் மீண்டும் தீட்டப்பட்டவை. சில இடங்களில் ஈரம் தின்றிருக்கிறது. அஜந்தாவையோ சித்தன்னவாசலையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது கதை சொல்லும் ஓவியம், நளினம் இரண்டாம்பட்சம். அரண்மனை, பல்லக்கு, நாட்டியம், யானை என்று அந்தக் காலத்து ஊர்வலமே கூரையில் நடக்கிறது. டி.என். ராமச்சந்திரன் 1934இல் இக்கோயிலைப் பற்றி விரிவான நூலே எழுதினார், காட்சிகளை ஒன்றொன்றாக இனங்கண்டு. முக்கால் மணி நேரம் போதும்.

ஏகாம்பரநாதர்

நடை சாத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது இங்கே வந்துவிட வேண்டும். சுற்றுக்கு முன் சந்நிதி என்று மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரே இடம் இதுதான், நேரம் கருதி.

பஞ்சபூதத் தலங்களில் இது பிருத்வி, மண். கம்பை ஆற்றங்கரையில் மணலால் லிங்கம் பிடித்துப் பூசித்த உமை, வெள்ளம் வந்தபோது அது கரையாதிருக்கக் கட்டியணைத்துக்கொண்டாள் என்பது தலவரலாறு. அதனால் இங்கே லிங்கத் திருமேனிக்கு நீரால் அபிஷேகம் இல்லை, ஆவுடையாருக்கு மட்டும்தான். சிவன் கோயிலில் அம்மன் சந்நிதி எங்கே என்று தேடாதீர்கள். காஞ்சியின் சிவாலயங்களுக்கெல்லாம் பொதுவான அம்மன் காமாட்சிதான்.

ராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டுவித்தது, 192 அடி உயரம். கோபுரத்தைவிட உள்ளே உள்ள தூண் நடைதான் இந்தக் கோயிலின் அழகு. மூலையில் நின்று ஒரு கோடியிலிருந்து மறுகோடியைப் பாருங்கள், தூண்கள் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும். சிற்ப நுணுக்கம் என்று பார்த்தால் காலையில் பார்த்த இரண்டு கோயில்களுக்கு ஈடில்லை. பின்புறம் தலவிருட்சமான மாமரம். நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள் என்றும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுவை என்றும் சொல்வார்கள்.

உச்சிவேளை

சாப்பாட்டுக்கு ஊருக்குள் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. காஞ்சிபுரம் இட்லி என்று உணவகங்களில் கிடைப்பது பெரும்பாலும் கிண்ணத்தில் வார்த்த மிளகு இட்லி. கோயில் பிரசாதம் வேறு. அதைக் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி, நெடுநேரம் வேகவைப்பார்கள். உருளையாக வரும் அதைத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். வரதராஜர் கோயிலில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், சட்னி தேட வேண்டாம்.

கோயில்கள் மூடியிருக்கும் இந்த நான்கு மணி நேரத்துக்குப் பிள்ளையார்பாளையம் நல்ல இடம். குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் வீடுகள் இன்னும் உண்டு. அனுமதி கேட்டு உள்ளே போனால் கோர்வை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்கலாம். உடலும் கரையும் வேறுவேறு நிறமாக இருக்க, இரண்டையும் நாடா மாற்றி மாற்றிப் பின்னுகிற வேலை, தறிக்கு இரண்டு பேர் வேண்டும். இங்கே பார்த்த பிறகு கடைக்குப் போனால், எது கைத்தறி எது விசைத்தறி என்று கேட்கவாவது தைரியம் வரும். வாங்குவதென்றால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனையகங்களுக்குப் போகலாம். ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சக் காப்பு. அது பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல.

வைகுண்டப் பெருமாள்

நான்கு மணிக்கு வாசலில் நில்லுங்கள். இந்தக் கோயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். ஆழ்வார் பாசுரத்தில் இதன் பெயர் பரமேச்சுர விண்ணகரம். கட்டியவர் இரண்டாம் நந்திவர்மன் என்ற பல்லவமல்லன். ராஜசிம்மனுக்கு அடுத்த தலைமுறையை ஒட்டியவர், ஆனால் நேர்வாரிசு அல்ல. அந்த ‘அல்ல’தான் இந்தச் சுற்றில் ஓடும் சிற்பங்களுக்கெல்லாம் காரணம்.

மன்னன் வாரிசின்றி இறந்தபோது அமைச்சர்களும் நகரத்தாரும் பல்லவக் கிளையொன்றைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் தம் நான்கு மகன்களைக் கேட்கிறார். மூவர் மறுக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைசி மகன் நான் போகிறேன் என்கிறான். தந்தை தயங்குகிறார், பிறகு சம்மதிக்கிறார். பையன் காட்டையும் மலையையும் ஆறுகளையும் கடந்து காஞ்சிக்கு வந்து முடிசூடுகிறான். இது கர்ணபரம்பரைக் கதை அல்ல. சிற்பங்களுக்கு அடியிலேயே தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தனக்கு அரியணை எப்படி வந்தது என்று ஊருக்கே விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருந்த ஓர் அரசன், அதைக் கோயில் சுவரில் படக்கதையாகப் போட்டுவிட்டான்.

சிங்கத்தூண்கள் தாங்கும் திருச்சுற்றில் இரண்டு வரிசையாகச் சிற்பங்கள் ஓடுகின்றன. பிரமனிலிருந்து தொடங்கிப் பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் வழியாக முதல் பல்லவன் வரை வம்சாவளி. பிறகு முடிசூட்டு விழாக்கள், யானைப்படை, குதிரைப்படை, கோட்டைமேல் போர், தூதுவர்கள், சபைகள். யார் யார் என்று தெரியாமல் பார்த்தால் சீக்கிரம் அலுத்துவிடும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். முடிசூட்டுக் காட்சிகளை மட்டும் முதலில் தேடுங்கள். ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருப்பார், இருபுறமும் குடத்து நீரைத் தலையில் ஊற்றுவார்கள். ஒரு முடிசூட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ளது ஓர் அரசனின் ஆட்சி. இப்படிப் பிரித்துக்கொண்டால் சுவர் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கக் கிடைக்கும்.

இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதியவர் சி. மீனாட்சி. பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றி அவர் எழுதிய நூல் 1938இல் வந்தது. வைகுண்டப் பெருமாள் சிற்பங்கள் பற்றிய நூல் 1941இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்தப் புத்தகம் நூலகத்தில் கிடைத்தால் புறப்படுவதற்கு முன்பு புரட்டிவிட்டு வாருங்கள். அதைப் படித்தவருக்கு இந்தச் சுற்றில் வழிகாட்டி தேவைப்படாது.

சந்நிதி மூன்று அடுக்கு. பெருமாள் இருந்தும் கிடந்தும் நின்றும் மூன்று நிலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறார். மேல்தளங்களை எல்லா நாளும் திறப்பதில்லை. திருமங்கையாழ்வார் இத்தலத்துக்குப் பாடிய பத்துப் பாசுரங்களில் பெருமாளோடு பல்லவனின் வெற்றிகளும் சேர்ந்தே வருகின்றன. சுற்றில் கண்ட போர்க்களங்களுக்கும் அந்தப் பாசுரங்களுக்கும் உறவு தேடுவது ஆர்வமுள்ளவர்களுக்கு நல்ல வேலை.

வரதராஜர், இருட்டும் வேளையில்

சின்ன காஞ்சிக்கு வர ஐந்தரை ஆகிவிடும். கோயிலுக்குள் நுழைந்ததும் நேரே நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போங்கள். மாலை வெளிச்சம் போவதற்குள் பார்க்க வேண்டியது அதுதான். நூறு என்பது பெயருக்கு, தூண்கள் 96. விஜயநகர காலத்து வேலை. காலையில் பார்த்த மணற்கல் அல்ல, கருங்கல். பாயும் குதிரைகள், வீரர்கள், ரதி, மன்மதன், இராமாயணக் காட்சிகள் என்று ஒரு தூணிலேயே அரைமணி போகும். மண்டபத்து மூலைகளில் தொங்கும் கற்சங்கிலிகளைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும். ஒரே கல்லில் வளையத்துக்குள் வளையமாகச் செதுக்கியது வியப்புதான். ஆனால் சங்கிலியில் நிற்கும் கண்கள் குதிரை வீரர்களின் முகபாவத்துக்குப் போவதில்லை. என்னைக் கேட்டால் சங்கிலிக்கு ஒரு பார்வை போதும், மிச்ச நேரம் தூண்களுக்கு.

பக்கத்தில் இருப்பது அனந்தசரஸ் குளம். அத்திவரதர் இதன் அடியில்தான் இருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து 48 நாள் தரிசனம். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்தபோது ஊருக்குள் வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். இனி 2059இல்தான். அதுவரை இங்கே குளத்துப் படிக்கட்டையும் நீராழி மண்டபத்தையும்தான் பார்க்க முடியும்.

பிறகு அத்திகிரி. 24 படிகள் ஏறினால் மூலவர். சனிக்கிழமையும் ஏகாதசியும் தவிர்த்தால் வரிசை நகரும். தரிசனம் முடித்து வரும் வழியில் கூரையில் பதித்த தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டு வணங்கத் தனி வரிசை உண்டு. பல்லி மேலே விழுந்த தோஷமெல்லாம் அதைத் தொட்டால் போய்விடும் என்பார்கள். குழந்தைகள் விடமாட்டார்கள், கால்மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வைகாசி பிரம்மோற்சவத்தின்போது, குறிப்பாகக் கருடசேவை நாளில், இந்த அத்தியாயத்தின் திட்டம் எதுவும் செல்லாது. தெருவெல்லாம் கூட்டம், வண்டி உள்ளேயே வராது. சேவையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் முதல்நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள், சிற்பங்களை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மறுநாளும் ஊரில் இருப்பவர்கள் உலகளந்த பெருமாளிலிருந்து தொடங்கலாம். முப்பத்தைந்து அடி உயரத் திருவிக்கிரமர், தலையை நிமிர்த்தினால்தான் முகம் தெரியும். அவருடைய கோயிலுக்குள்ளேயே நான்கு திவ்யதேசங்கள் அடங்கிவிடுகின்றன. அங்கிருந்து கச்சபேசுவரர் நடக்கிற தூரம்தான்.